மணக்கோலத்து ரோகு

சங்கும் சிரிப்பும் சந்தன வாசமுமாக இச்சாமதி ஆற்றங்கரையோரத்து அந்த வீடே அமளிப்பட்டுக்கொண்டிருந்த காலையில், மாப்பிள்ளை வீட்டுச் சீரோடு வந்திறங்கிய ரோகு மீனுக்குத் தலை மட்டும்தான் பெரிதாக இருந்தது. உடம்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வங்காளக் கல்யாண வழக்கம்போல் பட்டுச் சுற்றி, மூக்குத்தி மாட்டி, வாயில் வெற்றிலை வைத்து, மணப்பெண்ணாகத் தாம்பாளத்தில் கிடத்தியிருந்தார்கள். பட்டுக்குள் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"என்ன மாமா, உங்க சம்பந்தி மீனைப் பட்டினி போட்டே அனுப்பிட்டாரா?" என்று மச்சினன் நகுல் கேட்க, முற்றமே சிரித்தது.

பெண்ணின் அப்பா பபதோஷ் குனிந்து பட்டை விலக்கிப் பார்த்தான். இந்த வாட்டம் அவனுக்கு அத்துப்படி. அண்ணன் போனபின் அண்ணி நிருபமாவுக்கு மிஞ்சியது ஒரு மீன்குளம். கத்தரிக்கு அடிக்கிற பூச்சிமருந்தை அதில் துளித்துளியாக ஊற்றிவந்தவன் அவன்தான். நிறைய ஊற்றினால் மீன் மிதக்கும், ஊருக்குத் தெரிந்துவிடும். கொஞ்சமாக ஊற்றினால் மீன் தின்னும், தின்றது ஒட்டாது. ஈரலில் சேர்த்ததை எரிக்கும், பிறகு தன் சதையையே எரிக்கும். அண்ணிக்கு ராசியில்லை என்றது ஊர். கடைசியில் குளத்தை அவனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, அதே தண்ணீரில் இறங்கிப் போய்ச் சேர்ந்தாள். பிணத்தைத் தூக்கியதும் அந்தப் படுபாவிதான்.

இந்த மீன் ஜூதிகாவின் தட்டில் விழக் கூடாது. ஒரே மகள். தானே அரிவாள்மணையில் உட்கார்ந்து அறுத்தான். ஈரல் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. எங்கிருந்தோ வந்த மீனில் குப்பென்று அதே மருந்து நாற்றம். அள்ளிக்கொண்டு போய் வாழையடியில் புதைத்தான். அப்பாடா என்றிருந்தது.

உள்ளே குலவை கேட்டது. பெண்ணுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியாகிவிட்டது.

"தண்ணி எந்தக் குளத்துல மோந்தீங்க?"

"இதென்ன கேள்வி? சுமங்கலிங்க எல்லாரும் விடியக்காலையே போய் நம்ம குளத்துலதான் மோந்தோம்," என்றாள் மனைவி பிரதிமா. "உங்க அண்ணி குளமாச்சே. அவங்க ஆசீர்வாதமும் இருக்கட்டுமே."

ஓடினான்.

உள்ளறை. ஈரத் தரை. கால் வழுக்கியது. தண்ணீரல்ல, கோழை.

ஜூதிகா குடத்தைக் கட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் புடவை எலும்பில் தொங்கியது.

"அம்மாடி..."

குடம் இறங்கியது. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. கழுத்தின் இரு பக்கமும் சிவப்பாகப் பிளந்து மூச்சு வாங்கின.

"பசிக்குது, கொழுந்தனாரே."

அவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

இமைக்காத கண்களால் அவனையே பார்த்தபடி, தன் கையைத் தூக்கி, வளையல்களுக்கு மேலே சதையில் வாயை வைத்தாள்.