உயிர் இருக்கிறது

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் படகுக் கொட்டகையில் அன்று பொழுது சாய்கையில் நான்கு பேர் இருந்தார்கள். படகின் சொந்தக்காரர் ஜெயராம நாயகரின் கணக்குப்பிள்ளை ராஜசேகரன், அங்கிருந்த ஒரே நாற்காலியில். படகோட்டும் துலுக்கானம், எஞ்சினுக்கு அந்தப்புறம் குத்துக்காலிட்டு. அவனுக்கு முன் அதே படகை ஓட்டி, ஐப்பசி மழையில் ஏரியில் முழுகிப்போன, அவன் 'அண்ணாத்தே' என்று கூப்பிட்டுவந்த அய்யாசாமியின் மனைவி அங்கம்மா, உள்ளே வரமாட்டேன் என்று வாசல் மண்ணில். அம்பத்தூர் எஞ்சின் மேஸ்திரி உலகநாதன், கவிழ்த்த தகர டப்பாவின்மேல்.

துரைமார் வாத்துச் சுட வரும் படகு அது. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. பிரித்துச் செப்பனிட்டு அதையே ஓட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? உலகநாதன் பார்த்து எழுதித் தருவதுதான் முடிவு என்று பூந்தமல்லியிலிருந்து நாயகர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உயிர் கீதா இல்லியா, அத்த மட்டும் எழுதுங்க மேஸ்திரி," என்றார் ராஜசேகரன். வாசலைக் கண்ணால் காட்டி, "இந்தம்மா பேச்சக் கேட்டுகினு எஞ்சினுக்கு வேப்பில அடிச்சுடாதீங்க."

துலுக்கானம் சிரித்தான். உலகநாதனும் சிரித்துவைத்தான். எஞ்சின் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று அய்யாசாமி புலம்பித் திரிந்ததும், கள்ளுக்கடையே அதைக் கேட்டுச் சிரித்ததும் அம்பத்தூர் வரைக்கும் தெரிந்த கதை.

துலுக்கானம் கைப்பிடியைச் சுற்றினான். தகரக் கூரை கிடுகிடுக்க, மண்ணெண்ணெய்ப் புகையும் படகடியில் ஊறிய பாசியின் வாடையும் சேர்ந்தெழுந்து கண்ணைக் கரிக்க, உலகநாதன் தன் வழக்கப்படி ஒரு மரக்குச்சியின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி மறுநுனியைக் காதில் வைத்துக்கொண்டான். வெளியே கேட்காத தேய்மானமெல்லாம் குச்சி வழியே கேட்கும். பேரிங் தேய்ந்திருந்தால் சக்கரம் சுற்றுந்தோறும் ஒரு தட்டு, விடாமல் வரும். இது அப்படி வரவில்லை. நான்கு தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி நான்கு. அதில் மூன்றாவது மட்டும் கொஞ்சம் நீண்டு.

நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். சக்கரம் முனகி, தளர்ந்து, நின்றது. ஏரியில் நீர்க்கோழி ஒன்று கத்தி அடங்கியது. குச்சியை அவன் இன்னும் எடுக்கவில்லை.

நான்கு தட்டு.

இடைவெளி.

நான்கு தட்டு. நின்றுபோன இரும்புக்குள். மெதுவாக. தெளிவாக. தட்டல் இல்லை அது. உதடு.

து. லுக். கா. னம்.

எதிரே, அந்தப் பெயருக்கு உரியவன் கந்தல் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

அங்கம்மா எழுந்து நின்றாள். "அப்போ எங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லிச்சு. இப்போ ஆரு பேரச் சொல்லுது, மேஸ்திரி?"

ராஜசேகரன் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தார். சொன்னால் இன்று இருட்டுவதற்குள் பூந்தமல்லி சிரிக்கும். நாளைக்கு அம்பத்தூரில் யாராவது அவன் பட்டறை வாசலில் வேப்பிலை கட்டிவைப்பான். உலகநாதன் குச்சியை மடியில் போட்டுக்கொண்டான்.

"பேரிங் தேஞ்சு கீது," என்றான். "வேற ஒண்ணியும் இல்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் நிமிர முடியவில்லை. காது மடல் கொதித்தது. குனிந்தபடியே காகிதத்தை எடுத்து, தேதியிட்டு, வரி கோணாமல் எழுதினான்: எஞ்சினில் இன்னும் உயிர் இருக்கிறது. புதிது வேண்டியதில்லை. பேரிங் மாற்றி, இப்போதிருக்கும் டிரைவரைக் கொண்டே ஓட்டலாம்.

கடைசி வரியை ஏன் எழுதினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. அடித்துவிடப் பேனாவைக் கொண்டுபோனான். ராஜசேகரன் கை நீட்டிக் காத்திருந்தார். அடித்தால் ஏன் என்பார்.

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டிக் கொடுத்தான். நாக்கெல்லாம் மண்ணெண்ணெய்.

ராஜசேகரன் உறையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, சைக்கிள் மணியை அடித்தபடி கரைமேல் ஏறி மறைந்தார். மணிச் சத்தம் தேய்ந்தது. எஞ்சின் அசையவில்லை. கொட்டகையில் யாரும் பேசவில்லை.

துலுக்கானம் சட்டென்று எஞ்சின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"இன்னா, அண்ணாத்தே," என்றான், இரும்பின்மேல் குனிந்து. "தோ, வந்துட்டேன்."