மங்கலான முகம், தெளிவான ஷூ

சென்ஸிக்குக் கழுத்து வலித்தது. படம் பிடிக்க இரண்டு முறை ஆடாமல் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. பின்னந்தலையை ஓர் இரும்புப் பிடி கவ்விக்கொண்டிருந்தது. நூறு எண்ணும்வரை இமைக்கக்கூட யோசிக்க வேண்டும். வியன்னாவின் வெயில் வேறு கண்ணைக் குத்தியது.

அப்பா அலோய்ஸ் அவளைவிடக் களைத்திருந்தார். படம்பிடிக்கும் பெட்டிக்கான கண்ணாடி வில்லையை மூன்று வாரமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவர் அவர்தான். விரலெல்லாம் மெருகுப்பொடியின் சிவப்பு. வில்லை தேறிவிட்டால் நாளை ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம். தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பட்டறை முதலாளி புக்கிங்கர், படம் விழுந்திருந்த இரண்டாவது வெள்ளித் தகட்டை நீட்டினார். முதல் தகட்டைப் போலவே இதிலும் சென்ஸியின் முகம் கஞ்சியில் விழுந்தது போல் குழம்பிக் கிடந்தது.

"நீ அசைஞ்சியா?"

ஆமாம் என்றால் இப்போதைக்கு அப்பா தப்பிப்பார். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது தகடும் இப்படியே வந்தால்?

"இல்லைங்க, அசையல," என்றாள்.

"அப்ப வில்லைதான் மோசம். அலோய்ஸ், திரும்பத் தேய்."

அப்பா மெருகுப்பொடி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தகட்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். முன்னால் நீட்டியிருந்த ஷூவும், காலுறையில் அம்மா போட்ட ஒட்டுத்தையலும் இழை இழையாகத் தெரிந்தன. மானம் போயிற்று. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

"வில்லை மோசம்னா ஷூ எப்படி இவ்வளவு தெளிவா விழும்? எனக்கு விழவேண்டிய தெளிவு என் காலுக்கு விழுந்திருக்கு. தகட்டைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சுப் பாருங்களேன்."

"பெட்டிக்குப் பின்னால நின்னு கண்ணால பாத்துத்தானே தகட்டுக்கு இடம் வெச்சோம்? நகர்த்தினா கண்ணுக்கு மங்கலாத் தெரியுமேம்மா," என்றார் அப்பா.

"கண்ணுக்குத் தெளிவா வெச்சுத்தானே ரெண்டு தடவையும் கெட்டுச்சு? தகடு நம்மள மாதிரி பாக்கலையோ என்னவோ."

முதலாளி மோவாயைத் தடவினார். அப்பா எழுந்து, தகடு நிற்கும் இடத்தை ஒரு நாணயத்தின் கனம் அளவு வில்லைப் பக்கம் நகர்த்தினார். சென்ஸி பெருமூச்சு விட்டபடி மறுபடி இரும்புப் பிடிக்குத் தலையைக் கொடுத்தாள்.

இந்த முறை முகம் பளிச்சென்று வந்தது. இமை மயிரை எண்ணலாம். ஷூதான் மங்கல்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். இருந்தாலும் குறை சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"எல்லாம் சரி, மூஞ்சிதான் உர்ருனு இருக்கு. திங்கக்கிழமை வந்து ஒருதரம் சிரிச்ச மூஞ்சியா உக்காரு."

"நாளைக்கு அப்பா மத்தியானம் வரைக்கும் தூங்கட்டும்," என்றாள் சென்ஸி. "திங்கக்கிழமை சிரிப்பு தானா வரும்."