மாப்பிள்ளை விட்டுப்போன ஸ்பீக்கர்

நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பது. செத்துப்போன மாப்பிள்ளை கழிவுக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி அது. கூரை ஒழுகுது மச்சான், மழைக்குள்ள தகடு மாத்தணும் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பணம். தகடு மாறவில்லை. முன்னறையில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் வந்து உட்கார்ந்தன.

அந்த முன்னறையில்தான் இப்போது கழிவுக்காரர் வயிறு எரிய நின்றிருந்தார். விடாத மழை. கூரை ஒழுகி மூலையிலிருந்த வாளியில் டொக் டொக் என்று விழுந்த ஒவ்வொரு சொட்டும் அவரைக் கேலி செய்வதுபோல இருந்தது.

"இத எடுத்துக்கிட்டு கணக்க முடிச்சிடுண்ணா," என்றாள் தங்கை. "பத்தலன்னா தையல் மெஷினையும் தூக்கிக்கோ. அத விட்டா எனக்கு வேற பிழைப்பு இல்ல. ஆனா கடன் வேணாம்."

"பாத்துட்டுச் சொல்றேன். நீ போய் அடுப்பப் பாரு."

பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடை அவருடையது. பொருளைத் தொட்டு, ஒவ்வொரு குறையாகச் சத்தம் போட்டுச் சொல்லி, 'கழி, கழி' என்று விலையைக் குறைத்துக்கொண்டே வருவார். அதனால் வந்த பெயர்தான் கழிவுக்காரர். "பெத்த தாய மதிப்புப் போடச் சொன்னாலும் நரைமுடிக்குக் கழிப்பாரு" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, அறுபதாயிரத்துக்குக் குறையாது. கடன் போக மிச்சம் வேறு கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஏமாத்தினதும் அவன், செத்தும் ஜெயிக்கிறதும் அவனா?

ஆம்ப்ளிஃபயரின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

ப்ளக் தரையில் கிடந்தது. ஒயரைச் சுருட்டி, தையல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஏம்மா, இதப் போட்டியா?"

"அவர் போனதுக்கப்புறம் நான் தொடவே இல்லண்ணா," அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தார். எங்கே இருக்கிறது வெயில்? தன்மேலேயே எரிச்சல் வந்தது. குனிந்து, காற்றுப் போகும் துளைகளில் மூக்கை வைத்தார். நல்ல செட்டில் தூசி வாடை இருக்கும், கருகின செட்டில் தீய்ந்த வாடை இருக்கும். இரண்டுமே இல்லை. மாப்பிள்ளை கடைசி நாட்களில் நெஞ்சில் பூசிக்கொண்டே கிடந்த தைலத்தின் வாடை, அப்போதுதான் பூசியதுபோல, குப்பென்று முகத்தில் அடித்தது. அந்தத் தைலத்துக்கும் இவரிடம்தானே கை நீட்டினான்!

"வாடை அடிக்குது," என்றார் உரக்க. "அஞ்சாயிரம் கழி."

மழை பெய்துகொண்டிருந்தது. வாளியில் மட்டும் சொட்டு விழுவது நின்றிருந்தது.

இடது ஸ்பீக்கரின் துணிமூடியைக் கழற்றி, சத்தத்துக்கு அதிரும் கறுப்புக் கோனை விரல் நுனியால் மெல்ல அழுத்தினார். எந்த ஸ்பீக்கருக்கும் செய்கிற சோதனைதான். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். போனது. வந்தது.

விரலை எடுத்தார்.

மறுபடி போனது. வந்தது. நிதானமாக. தூங்குகிறவன் மார்புபோல.

"கோன் கிழிஞ்சிருக்கு," என்று பொய் சொன்னார். "இருபதாயிரம் கழி. இது வெறும் குப்பை. தையல் மெஷினும் வேணும்!"

வலது ஸ்பீக்கர் இருமியது.

மாப்பிள்ளையின் இருமல்.

"மச்சான்."

கால் நகரவில்லை.

"வலது காது மந்தம். அஞ்சாயிரம் கழி."

அவர் யாரிடமும் சொல்லாதது அது.

"முழங்கால் தேய்மானம். கழி. நெஞ்சுல ஒரு அடைப்பு. அது உனக்கே தெரியாது. இருபதாயிரம் கழி."

அவருடைய தொனி. அவருடைய அதே இழுப்பு.

தங்கையைக் கூப்பிட வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. உள்ளே போனது. கூடவே அவரும். எங்கோ. இருட்டுக்குள். மரப்பெட்டி வாடை. நாலா பக்கமும் பலகை.

எதிரே துணி. துணிக்கு அப்பால் முன்னறை, பொடிப்பொடிக் கட்டங்களாக.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முன்னால் அவர் உடம்பு நின்றிருந்தது. அதன் கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது.

"என்னண்ணா, எவ்வளவு தேறும்?"

"சரியாப் போச்சு. கடன் தீந்துது. மெஷின் உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் அழுதுவிட்டாள். "அப்போ இத எப்ப எடுத்துட்டுப் போற?"

"இது எங்க போகப்போகுது? இங்கயே இருக்கட்டும்."

பெட்டிக்குள்ளிருந்து அவர் கத்தினார். துணி லேசாக அதிர்ந்தது. அவ்வளவுதான்.

அவருடைய சொந்தக் கை நீண்டு வந்து, வலது ஸ்பீக்கரின் துணியைக் கழற்றியது. விரல் நுனி கறுப்புக் கோனில் பதிந்தது. அழுத்தியது.

அவர் நெஞ்சு உள்ளே போனது.