அரைத் தொட்டிக் கடல்

"ஐயய்யோ... மொதலாளீ...!"

வேலுத்தாயின் அலறலில் தெருவே நின்றது.

1983, மே மாதம். கோவில்பட்டி. பகல் பன்னிரண்டே கால்.

முன்வாசல் டிரம்மிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த வேலைக்காரி அவள். பின் அறைக் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். இடுப்புக் குடம் நழுவி உருண்டது. கொட்டிய தண்ணீரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த ஊரில், இந்த வெயிலில், ஒரு பெண் கொட்டிய தண்ணீரைப் பார்க்கவில்லை என்றால் விஷயம் சாதாரணமாக இருக்குமா?

ஈரத் தரையில் குப்புறக் கிடந்தார் அழகிரிசாமி. தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. வயது ஐம்பத்திரண்டு. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தக் கறையோடு ஒரு பைப் ரெஞ்சு. வலது கைப்பிடியில் கறுப்பு ஒயர்... அதன் நுனியில், சுவரிலிருந்து பிடுங்கி வந்த பிளக்.

அறை மூலையில் இருந்த மோட்டார் நின்றிருந்தது.

அந்த மோட்டார் எதற்கு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

அழகிரிசாமி தன் வீட்டு ஹாலில் கடல் வைத்திருந்தார். ஆமாம், கடல்தான்! ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே தூத்துக்குடிக் கடலில் எடுத்த உயிருள்ள பவளப்பாறைகள். அவற்றுக்கு நடுவில் ஆரஞ்சு வரி போட்ட மீன்கள். இவற்றுக்காக மாதம் இரண்டு முறை லாரியில் கடல் தண்ணீர் வரும்.

அதே தெருவுக்குக் குடிதண்ணீர், பதினோரு நாளுக்கு ஒரு தடவை. அதுவும் ஒரு மணி நேரம்! பெண்கள் காலிக் குடத்தோடு நிற்பார்கள். அவர்கள் மூக்குக்கு முன்னால் லாரி நிறையத் தண்ணீர் போகும்... மீனுக்கு! யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்தக் கடலைக் கட்டிக் கொடுத்து, தினமும் வந்து பார்த்துக்கொண்டவன் சாமுவேல்ராஜ். தூத்துக்குடிக்காரன். வயது முப்பது. கைவேலையில் கெட்டிக்காரன். கோபத்தில் அதைவிடக் கெட்டிக்காரன்.

"மோட்டார் சத்தம் ஹால்ல கேக்கப்படாது" என்றார் முதலாளி. அதனால் சாமுவேல்ராஜ் சுவரைத் துளைத்தான். ஹால் தொட்டியில் வழியும் தண்ணீர், குழாய் வழியாகப் பின் அறைக்கு வரும். அங்கே இன்னொரு தொட்டி. மணலிலும் சிப்பியிலும் புகுந்து தண்ணீர் சுத்தமாகும். மோட்டார் அதை மறுபடி ஹாலுக்குத் தள்ளும். பின் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருக்க வேண்டும் என்று சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு மீன் செத்து மிதந்தது.

அழகிரிசாமிக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும். குதி தேயாமல் இருக்க வலது செருப்பில் டயர் துண்டு வைத்து மூன்று ஆணி அடித்திருப்பார். டக்... டக்... என்று வாசலுக்கு வந்தார். குழாயடியில் அத்தனை பெண்களும் பார்க்க, சாமுவேல்ராஜின் இடது கன்னத்தில் விட்டார் ஒரு அறை!

"ஒரு மீனக் காப்பாத்த வக்கில்ல... நீயெல்லாம் தூத்துக்குடிக்காரனாலே?"

சாமுவேல்ராஜுக்குக் கண் சிவந்தது.

"ஒம்மள இதே தொட்டியில முக்கி எடுக்கல... நான் சாமுவேல்ராஜ் இல்லவே!"

தெருவே கேட்டது. அது போதாதா?

*

எஸ்.ஐ. சாமித்துரை வந்தார். பிணத்தைப் பார்த்தார். ரெஞ்சைப் பார்த்தார். கேஸ் முடிந்துவிட்ட சந்தோஷம் அவர் மீசையில் தெரிந்தது.

"இது யாரு சாமான்?"

"தொட்டிக்கார சாமுவேலு தம்பியோடது அய்யா... இங்கனயேதான் கெடக்கும்" என்றாள் வேலுத்தாய்.

"காலையில சண்ட போட்டவன்தான? எங்க இருந்தாலும் புடிச்சிட்டு வாங்கலே அவன!"

ஏட்டு மாடக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"அய்யா... அவன் நம்ம ஸ்டேஷன் பெஞ்சுலதான் உக்காந்திருக்கான்."

"என்னது?"

"மொதலாளி அடிச்சிட்டாவன்னு புகார் குடுக்க வந்தான். ஒம்போதே முக்காலுக்கே வந்துட்டான். நீங்கதான் 'பெரிய மனுசன் மேல புகாரா? உக்காருலே'ன்னுட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டிய."

சாமித்துரையின் முகம் ஒரு நொடி கறுத்தது. அடுத்த நொடி பளிச்சிட்டது.

"கொன்னுட்டு வந்து நம்ம பெஞ்சுலயே உக்காந்திருக்கானா? என்ன நெஞ்சழுத்தம்! வெலங்கப் போட்டு இழுத்துட்டு வாரும்வே!"

அப்போது பக்கத்துச் சந்து வழியாக ஸ்கூட்டர் சத்தம். இறங்கி ஓடி வந்தார் பூவனநாதன். செத்தவரின் மைத்துனர், தொழிற்சாலை மேனேஜர். முன்வாசலில் கூட்டம் நெரிந்ததால் நேராகப் பின்முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"அத்தான்...! ஐயோ, எங்க அத்தான்...! சார், ஃபாக்டரியில இருந்தேன். இப்பத்தான் ஆள் வந்து சொன்னான். அந்தத் தொட்டிக்காரப் பயல என் கையில குடுங்க சார்! கண்டதுண்டமா வெட்டிப் போடுதேன்!"

அழுதார். கத்தினார். மார்பில் அடித்துக்கொண்டார். வேடிக்கை பார்த்தவர்களுக்கே பாவமாக இருந்தது.

*

விலங்கோடு வந்த சாமுவேல்ராஜ் பின்வாசலில் நின்று உள்ளே பார்த்தான். காலையில் தன்னை அடித்த கை, ஒயரைப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தது.

"சார், நான் கொல்லல."

"அப்ப உன் ரெஞ்சு தானா எந்திரிச்சி அடிச்சுதா? அடி வாங்கின கோவத்துல உள்ள போயிருக்க. ஒம்போதரைக்குப் போட்டுத் தள்ளிட்டு ஸ்டேஷனுக்கு வந்து நாடகம் ஆடியிருக்க. தூக்குதாம்லே உனக்கு!"

தூக்கு!

குற்றம் செய்தவன் எவனோ... கயிறு இவனுக்கு! சாமுவேல்ராஜ் தலை குனிந்தான். காலடியில் சேறு.

"சார்... இங்கன எப்பிடி சேறு வந்துச்சி?"

"ரொம்ப முக்கியம்!"

"எட்டு மாசமா மழை இல்ல சார். கரிசல் வெடிச்சிக் கெடக்கு. பின்வாசல்ல மட்டும் சேறு எப்பிடி?"

சேற்றின் ஓரத்தில் ஒரு ஜோடி பழுப்புத் தோல் செருப்பு. அடையாளம் தெரியாத அளவுக்குக் கரிசல் அப்பி, வெயிலில் காயத் தொடங்கியிருந்தது.

"மொதலாளி செருப்புதான் அது. குளிச்ச தண்ணியில மிதிச்சிருப்பாரு. நடலே!"

சாமுவேல்ராஜ் நடக்கவில்லை. குனிந்தான். சேற்றின் விளிம்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு! இது என் தொட்டித் தண்ணி சார்!"

கழுத்தை நீட்டி அறைக்குள் பார்த்தான். பின் தொட்டி விளிம்பு வரை தளும்பி நின்றது. சிவப்புக் கோடு ஒரு முழத்துக்குக் கீழே கிடந்தது. அவ்வளவுதான், அவனுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"எவம்லே என் தொட்டிய நெறச்சது?"

விலங்கு போட்டிருக்கிறது என்பதே மறந்து போய்க் கையை ஓங்கினான். மாடக்கண்ணு இரண்டடி பின்வாங்கினார்.

"மோட்டார் நின்னா மேல உள்ள தண்ணி கொஞ்சம் கீழ எறங்கும் சார். அதுக்கு எடம் வேணும்னுதான் பாதி காலியா வச்சேன். நான் ஒம்போதரைக்குப் போகும்போது தண்ணி கோட்டுலதான் நின்னுது. அதுக்கப்புறம் எவரோ ரொப்பியிருக்காவ. மொதலாளி விழும்போது பிளக்கப் புடுங்கியிருக்காவ. மோட்டார் நின்னுட்டு. எடம் இல்லாத தண்ணி வழிஞ்சி, கதவுக்கு அடியில ஓடி, இங்கன சேறாயிருக்கு. ரொப்புனது யாரு? சொல்லுங்க! என் உசுரு போவுது!"

வேலுத்தாய் மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அக்கா... நீயா?"

"நான் தொடல தம்பி..."

"பொய் சொல்லாத! உன் பொய்யில என் கழுத்து தொங்கும்க்கா!"

வேலுத்தாய் உடைந்தாள்.

"நான்தான்யா! நான் பாவி! பத்து மணிக்குக் கொழாய் வந்துச்சி. அண்டா, டிரம்மு, சட்டி, செம்பு... காப்பி டம்ளரு மொதக்கொண்டு ரொப்பிட்டேன். தண்ணி இன்னும் வருது! இங்கன பாத்தா எத்தாப்பெரிய தொட்டி... பாதி காலி! பதினோரு நாள் கழிச்சி வந்த தண்ணிய விட மனசு கேக்குமா? ஆறு கொடம் ஊத்துனேன். தொட்டியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு நீ சொல்லியிருக்கியே... அதான் வாயத் தொறக்கல."

"நல்ல தண்ணிய என் கடல்ல ஊத்திட்டியே... மீனெல்லாம் செத்துருமே, அறிவிருக்கா உனக்கு!"

கத்தியவன் சட்டென்று நிறுத்தினான்.

"இரு... நீ ஊத்தும்போது இந்த அறையில பிணம் கெடந்துச்சா?"

"ஐயோ, இல்ல! மொதலாளி ஹால்ல பேப்பர் படிச்சிட்டுல்லா இருந்தாவ! காப்பி கேட்டாவ. குடுத்துட்டுப் பத்தரைக்குத்தான் எங்க தெருக் கொழாய்க்கு ஓடுனேன்."

மாடக்கண்ணு மெல்ல இருமினார்.

"அய்யா... பத்தரைக்கு இவன் நம்ம பெஞ்சுல. நீங்க எதுத்தாப்புல இருந்து பேப்பர் படிச்சிய."

கொலைகாரன் என்று பிடித்து வந்தவனுக்குச் சாட்சி சாமித்துரையேதான்!

*

"ச்சீ! வேலக்காரி ஒளறுததக் கேட்டு இவன விடப் போறியளா?"

பூவனநாதன் பாய்ந்தார்.

"எங்க அத்தானக் கொன்னுட்டு மீன் கதையா சொல்லுத... ஒன்னச் செருப்பால அடிக்கணும்லே!"

சொன்னதைச் செய்தார். வலது காலிலிருந்து கழற்றினார். விலங்கோடு நின்றவனின் வலது கன்னத்தில் ஓங்கி விட்டார்.

பளார்!

சாமுவேல்ராஜ் தடுமாறி விழுந்தான். கன்னத்தில் ரத்தம். வலியில் பல்லைக் கடித்தான். கன்னத்தைத் தடவினான். மறுபடி தடவினான்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தான்!

"என்னலே சிரிப்பு?" என்றார் எஸ்.ஐ.

"என் கன்னத்தப் பாருங்க சார். என்ன இருக்கு?"

சாமித்துரை குனிந்து பார்த்தார். வரிசையாக மூன்று புள்ளி. மூன்றிலும் ரத்தம் துளிர்த்தது.

"ஆணி... மூணு ஆணி."

"கோவில்பட்டியிலயே மூணு ஆணி அடிச்ச செருப்பு யாரோடது சார்?"

டக்... டக்... என்ற அந்த நடை எல்லோர் காதிலும் கேட்டது. பூவனநாதன் கையிலிருந்த செருப்பை மாடக்கண்ணு பிடுங்கித் திருப்பினார். குதியில் டயர் துண்டு! சேற்றில் கிடந்த ஜோடியை எடுத்துக் கல்லில் தட்டினார். கரிசல் உதிர்ந்தது. குதி மழமழவென்று இருந்தது.

"அது... அது... போன தீவாளிக்கு ஒரே கடையில எடுத்தது. ரெண்டும் ஒண்ணு போல இருக்கும். நேத்து இங்க வந்தப்ப மாறிப் போச்சு..." பூவனநாதன் குழறினார்.

"நேத்தா?" வேலுத்தாய் முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. "இன்னிக்குப் பத்தரைக்கு நான் போகும்போது மொதலாளி செருப்பு முன்வாசல்லதான் கெடந்துச்சி. அதுல தடுக்கிக் கொடத்தோட விழப் பாத்தேன். ஆணி கால்ல குத்துச்சி. இந்தா பாருங்க!"

காலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஃபாக்டரியில இருந்து இப்பத்தான் வாரேன்னீரே..." சாமித்துரையின் குரல் மாறியது. "முன்வாசப் பக்கமே வராத ஆளு காலுக்கு, முன்வாசல்ல கெடந்த செருப்பு எப்பிடிவே வந்துச்சி?"

சாமுவேல்ராஜ் எழுந்தான்.

"நான் சொல்லுதேன் சார். யாரும் பாக்கப்படாதுன்னு சந்து வழியா வந்திருக்காரு. கொலை செய்ய வந்தாலும் பழக்கம் விடல, செருப்ப வாசல்ல கழத்திப் போட்டுட்டு வெறுங்காலோட உள்ள போயிருக்காரு! அடிச்சிட்டு வெளிய வந்தா செருப்பு சேத்துல கெடக்கு. மாட்டி ரெண்டு எட்டு வச்சிருப்பாரு. கரிசல் சும்மா விடுமா? கழுவ இந்த ஊர்ல ஏது தண்ணி? காஞ்ச ஊர்ல சேத்துக் காலோட தெருவுல போனா நாலு பேரு கேப்பானே! அதான் முன்வாசலுக்கு ஓடிப்போய், ஒண்ணு போல இருக்குத அத்தான் செருப்ப எடுத்து மாட்டிட்டு, சேத்தத் தாண்டிக் குதிச்சிப் போயிருக்காரு."

பூவனநாதனின் முகத்தில் இருந்த அழுகை ஒரே நொடியில் வடிந்தது. உள்ளே இருந்தது வெறும் வெறி.

"ஆமாலே! கொன்னேன்! தீக்குச்சி மருந்துக்கு வச்சிருந்த குளோரேட் மூட்டையத் திருட்டு வெடிக்காரனுக்கு வித்தேனாம்... போலீசுல சொல்லிருவாராம்! ஊரு நாக்கு வறண்டு கெடக்கும்போது மீனுக்கு லாரி விடுத மனுசன் எனக்கு நியாயம் சொல்லுதாரு!"

சொல்லிக்கொண்டே சந்துப் பக்கம் பாய்ந்தார். பாய்ந்த கால் சேற்றில் பதிந்தது. இழுத்தார், வரவில்லை. முகம் குப்புற விழுந்தவர் மேல் மாடக்கண்ணு ஏறி உட்கார்ந்தார்.

*

சாமுவேல்ராஜின் விலங்கு கழன்றது. சாமித்துரை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சரி சரி, கெளம்புலே."

"கெளம்ப முடியாது. காலையில குடுத்த புகார இப்பம் எழுதுங்க சார்."

"செத்துப்போன மனுசன் மேலயா?"

"செத்துட்டா அடிச்சது இல்லன்னு ஆயிருமா? ரெண்டரை மணி நேரம் பெஞ்சுல உக்காத்தி வச்சியளே... அதையும் சேத்து எழுதுங்க!"

"போலீஸ்காரன்கிட்டயே திமிராலே?"

சாமித்துரை கையை ஓங்கிவிட்டார். சாமுவேல்ராஜ் அசையவில்லை. இரண்டு பக்கமும் வீங்கிய முகத்தை அவர் பக்கம் நிமிர்த்தினான்.

"வேதத்துல சொன்னபடி ஒரு கன்னத்த மொதலாளிக்கும், மறு கன்னத்த மச்சினனுக்கும் குடுத்தாச்சு சார். போலீசுக்குன்னு மூணாவது கன்னம் ஆண்டவர் படைக்கல... பேனாவ எடுங்க!"