மேல்மாடிக்குப் பதில்

சனிக்கிழமை சாயங்காலம், டல்லி வீட்டில் எல்லோரும் கேள்வி கண்டுபிடிக்கிற விளையாட்டில் இருந்தபோது, லவினியாவின் நாக்கு ஒரு பதிலில் ஒட்டிக்கொண்டது.

‘கணப்புத் தோழன்’ வாரப் பத்திரிகை வாங்குகிற வீடு எல்லாவற்றிலும் அந்த விளையாட்டு உண்டு. வாசகர்கள் புனைபெயரில் எதையாவது கேட்டு எழுதுவார்கள். பத்திரிகை பதிலை மட்டும் போடும், கேள்வியைப் போடாது. ‘வாடிய வயலட்டுக்கு: எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கறை போய்விடும். அந்த இளைஞன் போகமாட்டான்.’ இவ்வளவுதான். வயலட் என்னதான் கேட்டிருப்பாள் என்று லண்டனின் கேம்பர்வெல் பேட்டை முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளும். ஒரு பென்னிக்கு ஊரார் அந்தரங்கம் அவ்வளவு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

லவினியா படித்தாள்: “மேல்மாடிக்கு: இல்லை அம்மா, அவர் தூங்கவில்லை. உங்கள் சந்தேகம் சரியே.”

“வேலைக்காரியப் பத்திதான் கேட்டிருக்கும், ஏதோ ஒரு கிழம்,” என்றாள் பக்கத்து வீட்டு மிஸஸ் கிம்ப்டன். பின்னல் ஊசியோடு வந்து ஓசியில் கதை கேட்பவள்.

“பேயாக்கூட இருக்கலாம்ல?” என்றாள் பத்து வயது மகள் வின்னி.

“பேய்க்கு யாருடி ஸ்டாம்பு வாங்கிக் குடுப்பா?” என்று சிரித்தார் செப்டிமஸ் டல்லி. லவினியாவின் புருஷன், வினிகர் காடி ஆலையில் குமாஸ்தா. சிரித்தால் கோட்டிலிருந்து காடி நெடி கிளம்பும்.

லவினியாவும் சிரித்தாள். கழுத்திலிருந்து காது வரை சூடேறியது. நல்லவேளை, துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்பு உடுப்பு கழுத்தை மூடியிருந்தது.

அந்தத் துக்கம் நாத்தனார் கெசையாவுக்கு. பக்கவாதம் வந்து வாயும் போய், இரண்டு வருஷம் மாடியின் பின்னறையில் கிடந்தாள். வேண்டியதைக் கேட்க அவளுக்கு இருந்தது ஒரு பித்தளைக் கைமணிதான். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தாள். மணி அடித்தது கேட்கவில்லை, கண்ணயர்ந்துவிட்டேன் என்று லவினியா அழுதாள். “ஒரு நாள் அசந்துட்டா, அவ்வளவுதான. என் அக்காவ, பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டா இவ,” என்று செப்டிமஸ் தெருவெல்லாம் சொன்னார், தெருவும் தலையாட்டியது.

மணி கேட்டது. மூன்று முறை.

வியாழக்கிழமை பத்திரிகை வரும் நாள். பக்கங்கள் வெட்டப்படாமல் மடிப்பாகத்தான் வரும். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் வெண்ணெய்க் கத்தியால் அறுக்க வேண்டும், அதற்குமுன் யாரும் தொடக்கூடாது என்பது செப்டிமஸின் சட்டம். லவினியாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அன்றும் அடுப்படியில் உட்கார்ந்து மடிப்பை விரலால் உப்பவைத்து, உள்ளே ஒற்றைக் கண்ணை வைத்து, மை வாசனை மூக்கில் ஏற, கதாநாயகி ஏரியில் விழுந்தாளா இல்லையா என்று தொடர்கதையின் இருபத்துமூன்றாம் அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் மணிக்கு, இந்தப் பத்தி முடியட்டும். இரண்டாவதற்கு, இந்தப் பக்கம். மூன்றாவது மணி பாதியிலே நின்றது. அப்போதும் அவள் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் மேலே போனாள்.

அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பெயர் இருந்தது. தாண்டிப் போகப் பார்த்தாள். வின்னி தோள்மேல் எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டாள்: “மேல்மாடிக்கு: இருபத்துமூன்றாம் அத்தியாயம் மூன்று பக்கம். மடிப்புக்குள் பார்த்துப் படித்தால் அரை மணி ஆகும். எனினும், அவரே கணவரிடம் சொல்லிவிட ஒரு வாரம் தருவதே நியாயம்.”

“மடிப்புக்குள்ளயா! இப்படியும் பொம்பளைங்க இருக்காங்களே, லவினியா!” என்றாள் மிஸஸ் கிம்ப்டன்.

“வெக்கங்கெட்டவ,” என்றார் செப்டிமஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

லவினியாவின் வாயை அடைக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வாரம் முழுக்க அவர் பூட்ஸைத் துடைக்கும்போதும், தேநீர் ஊற்றும்போதும் வார்த்தை தொண்டைவரை வரும். அவர் நிமிர்ந்து பிரியமாகப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவாங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

மூன்றாவது சனிக்கிழமை மூடுபனி. நாலு மணிக்கே விளக்கு ஏற்றியாயிற்று. கரிப்புகையும் ஈரக் கம்பளியும் பொரித்த மீனும் கலந்த நெடி அறையில் தேங்கி நின்றது. கணப்பில் கரி வெடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கையிலிருந்த கத்தி காகிதத்தில் கோணலாக ஓடியது. பதில்கள் பக்கம். கண் தானாகப் போய் அந்த இடத்தில் விழுந்தது.

‘மேல்மாடிக்கு: அவர் சொல்லவில்லை. இனி நீங்கள் மணி அடிக்க வேண்டாம். கீழே இறங்கி வாருங்கள். வாசிக்கிறவர் மாறினாலும் வீட்டார் கவனிக்கமாட்டார்கள்.’

மேலே கட்டில் கிறீச்சிட்டது.

“கதையப் படிம்மா,” என்றாள் வின்னி.

படியில் ஒரு காலடி. இன்னொன்று. இழுத்து இழுத்து. யாரும் நிமிரவில்லை.

“சால்வை எடுத்துட்டு வந்துடறேன்,” என்றாள் லவினியா. அவர்களுக்குமுன் தான் அதைப் பார்த்துவிட வேண்டும். படியிலேயே நிறுத்திவிட வேண்டும். கெஞ்சியாவது.

படியில் யாரும் இல்லை. குளிர்மட்டும் அவளை உரசிக்கொண்டு இறங்கிப்போனது. கெசையாவுக்குத் தேய்த்துவிடும் கற்பூர எண்ணெய் வாசனை.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். படுக்கையில் ஆள் படுத்த பள்ளம். தொட்டாள். சூடு.

தொட்ட கை சறுக்கியது. பள்ளத்திலேயே விழுந்தாள். அவள் உடம்புக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

கீழே கதை தொடங்கியது. லவினியாவின் குரலேதான். அதே ஏற்ற இறக்கம். கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை. கை துழாவியது. பித்தளை.

அடித்தாள்.

“அம்மா, மேல மணி கேக்குதே!” வின்னி.

“கேக்கட்டும் கண்ணு. இந்த அத்தியாயம் முடியட்டும்.”

அடுத்த பக்கத்தை வெண்ணெய்க் கத்தி நிதானமாக அறுக்கிற சத்தம் கேட்டது.