ஐந்தாவது தொட்டில்

கயிறு கனத்தது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஐந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஐந்தையும் ஒரே கயிற்றில் கோத்து, மூலையில் உட்கார்ந்தபடி இழுத்து ஆட்டுவதுதான் விஜயகலாவின் பன்னிரண்டு வருட வழக்கம். தாய்மார் கொழுந்து பறித்து முடிக்கும்வரை அந்தக் கயிறு அவள் கையில்தான் இருக்கும். தொட்டிலில் எத்தனை பிள்ளை கிடக்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். இன்றைக்கு நாலு. ஐந்தாவது பிள்ளை தனுஷனுக்குக் காய்ச்சல், லயத்து வீட்டில் மாமியாரிடம் விட்டிருப்பதாக அவன் தாய் தர்மிளா காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் கயிறு நாலுக்கு மேல் கனத்தது.

கை மரத்துப்போயிருக்கும், சனியன் பிடித்த கை என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி இழுத்தாள். பிள்ளைத் துணிகளைப் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் அலசிவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள். பத்து நிமிட வேலை. காவல்காரர் மூக்கையா பேச்சுக் கொடுத்ததில் அரை மணியாகிவிட்டது.

பேச்சு தீயைப் பற்றித்தான். மேட்டிலிருந்த மானாப்புல்லை யாரோ கொளுத்திப் பத்து நாளாகிறது. பலாங்கொடை டவுனுக்கே புகை தெரிந்ததாம். மலை இன்னும் மொட்டையாகக் கறுத்துக் கிடந்தது.

“ஒதுங்க ஒரு புல்லு இல்ல புள்ள,” என்றார் மூக்கையா. “எலியெல்லாம் அங்க தலைகாட்டப் பயந்துக்கிட்டுக் கீழ எறங்கிருச்சு. ஒன் சீலிங்லதான் குடும்பம் நடத்துதாமே?”

“ஆமாண்ணே. புள்ளைங்க திரிபோஷ மா பாக்கெட் ஒண்ணு விடல. நாள் பூரா கரகரன்னு ஒரே சத்தம்.”

“அந்த எலியப் புடிச்சுத் திங்கிறதுக்கும் மேட்டுல இப்ப எர இல்ல. அதுவும் பின்னாடியே எறங்கும், பாத்துக்க.”

அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. சீலிங்கில் சத்தமே இல்லை.

மழைக்கு முந்தைய மத்தியான மங்கலில், பால்மாவும் மூத்திரத் துணியும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில், குளத்துச் சேற்றைக் கிளறியது போன்ற வேறொரு வாடை மெல்ல மெல்ல எழுந்து அவள் தொண்டைவரை வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரத்துக் கடைசித் தொட்டிலுக்கு மேலே சீலிங் பலகை ஒன்று விலகியிருந்தது. அங்கிருந்து தூசி உதிர்ந்துகொண்டிருந்தது.

அது தனுஷனின் தொட்டில். நீலச் சேலை. காலியாக இருக்க வேண்டியது.

தரையைத் தொடுமளவுக்குத் தொங்கியது. சேலைக்குள் தடித்த ஒன்று மெதுவாக இடம் மாறியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

அவள் கத்தவில்லை. கயிற்றைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். முதல் பிள்ளையை அள்ளி, வாசலுக்கு வெளியே சாக்கில் கிடத்தினாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது பிள்ளை நீலச் சேலைக்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. தொட்டிலுக்குள் கையை நுழைத்தாள். பிள்ளை சிணுங்கியது.

நீலச் சேலைக்குள் அசைவு நின்றது.

தூக்கினாள். ஓடினாள். கதவை அறைந்து சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். நாலு. கடவுளே, நாலும் பத்திரம். அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

லயத்துப் பக்கமிருந்து தர்மிளா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் மருந்துப் போத்தல்.

“என்னக்கா, புள்ளைங்களெல்லாம் வெளிய கெடக்குதுங்க?”

“உள்ள போயிறாத. மலைப்பாம்பு. ஒன் மகன் தொட்டில்லதான் சுருண்டு கெடக்கு. நல்லவேளை, அவன் இன்னைக்கு வரல.”

தர்மிளா சாத்திய கதவையே பார்த்தாள்.

“மாமிக்கு முடியலக்கா,” என்றாள். “நீங்க பீலியில இருந்தீங்க. தூங்கிட்டான்னு அவன் தொட்டில்லயே போட்டுட்டு, மருந்து எடுக்கத்தான் லயத்துக்கு ஓடுனேன்.”

விஜயகலா ஜன்னலுக்குத் திரும்பினாள்.

உள்ளே, கயிறு அவள் வைத்த இடத்தில் தரையிலேயே கிடந்தது. அதைப் பிடிக்க யாருமில்லை. ஆனாலும் ஐந்து தொட்டில்களும் ஒன்றாக, மெதுவாக, ஆடிக்கொண்டிருந்தன.