வேலுவின் தடம்

சோதனைத் தட்டில் இன்று பால் இல்லை. ஆனாலும் ரீத்தாவின் மூக்கில் பால்மாவு வாசம் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் ஊரான சாஆ எஸ்டேட்டில் களைக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவர்களுக்கு விஷம் முறியட்டும் என்று தகரக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த ஏடு கட்டிய பாலின் வாசம். அவள் அம்மாவும் அதைக் குடித்தவள்தான்.

உடன் வேலை செய்யும் கில்பர்ட் ஆய்வுக்கூடக் கதவில் தலையை நீட்டினான். "யாரு இங்க தே தாரிக் டீ ஆத்துறது?"

"இது அல்புமின். பால் இல்ல."

"அப்புறம் ஏன் லா இப்படி பால் நாறுது? ஆமா, அந்த சாஆ பேஷண்ட் வேலு அண்ணன், காலையில இறந்துட்டாராம். பாவம்." அவன் சாப்பிடப் போய்விட்டான்.

ரீத்தா தட்டை மெல்ல ஆட்டினாள். உள்ளே சோதனைச் சவ்வு மிதந்தது.

வேலுவின் புற்றுநோய்க் கட்டியில் ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறியிருந்தால், புது மருந்துச் சோதனையில் அவருக்கு இடம். பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றினால், சவ்வில் அவர் மாதிரி ஓடிய தடத்தில் ஒரு பட்டை தெரியும். போன மாதம் அந்தச் சோதனையைச் செய்தவள் ரீத்தாதான். அன்று, ஆன்டிபாடிக்கு முன் சவ்வின் வெற்றிடங்களை மூட ஊற்றும் அல்புமின் தீர்ந்திருந்தது. பாலிலும் பாஸ்பேட் உண்டு, ஆன்டிபாடியைப் பாலே தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பால்மாவைக் கரைத்து ஊற்றினாள். தடம் வெறுமையாக வந்தது. 'இல்லை' என்று எழுதி அனுப்பினாள். அவரைச் சேர்க்கவில்லை.

"நம்ம எஸ்டேட்டு புள்ள. நீ பார்த்தா சரியாத்தான்மா இருக்கும்" என்று சொல்லியிருந்தார் வேலு, களைமருந்தில் நகம் உதிர்ந்த விரல்களைக் கூப்பி.

இன்றுதான் யாருக்கும் சொல்லாமல், அல்புமின் ஊற்றி மறுபடி செய்கிறாள்.

சவ்வை இருட்டறைக்கு எடுத்துப்போய், ஒளிர வைக்கும் திரவத்தை ஊற்றி, மேலே ஃபிலிமை வைத்து மூடினாள். வெளியே நண்பகல் வெயில். உள்ளே சிவப்பு விளக்கு மட்டும்.

கிரீச். டக்.

முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பின் பிடி ஏறி இறங்கும் சத்தம். விடியற்காலையில் அம்மா வீட்டு வாசலில் அடித்துப் பார்ப்பாளே, அதே சத்தம்.

"கில்பர்ட்?"

கிரீச். டக். கதவுக்கு இந்தப் பக்கம்.

ஃபிலிமைக் கழுவினாள். வேலுவின் தடத்தில் பட்டை. தடித்து, கறுத்து. இருந்திருக்கிறது. அவருக்கு இடம் இருந்திருக்கிறது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

சவ்வில் நீலமாய் ஒளிர்ந்தது பட்டை. துணி போட்டு மூடினாள். ஒளி போகவில்லை. கையுறையில் இருந்தது. கழற்றி எறிந்தாள். மணிக்கட்டைச் சுற்றி, தோலுக்கு அடியில், அதே பட்டை. தேய்த்தாள். தடித்தது.

களைமருந்து நெடி. பால் வாசம். பக்கத்தில் மூச்சு.

மணிக்கட்டின் ஒளியில் தெரிந்தது. தளும்பத் தளும்ப ஒரு தகரக் குவளை.

"குடிம்மா."

குவளையைப் பிடித்திருந்த விரல்களில் நகமில்லை. விளிம்பு அவள் உதட்டைத் தொட்டது. வெதுவெதுப்பாக.